பொங்கலன்னிக்கு மைனஸ் இருபதுல ஒரு கிளைக் கூட்டம்!

பொங்கலன்னிக்கு நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க? கரும்பு கடிப்பீங்க, டி.வி-யில பட்டிமன்றம் பார்ப்பீங்க, சாயங்காலம் கேங்கோட புதுப்படத்துக்கு டிக்கெட் தேடி அலைவீங்க. 2024 பொங்கலன்னிக்கு நான் ரெண்டு ஸ்வெட்டர், அக்காவோட பழைய கோட்டு, மூணு ஜோடி சாக்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு, அமெரிக்காவில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூட லைப்ரரியில், அஞ்சாங்கிளாஸ் பசங்க உட்கார்ற குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, ஒரு கட்சிக் கூட்டத்தை வேடிக்கை பார்த்துட்டு இருந்தேன்.

நிஜமாத்தாங்க! கொடி இல்லை, மைக் செட் இல்லை, பொன்னாடை இல்லை, ‘வருக வருக’ போர்டு இல்லை. ஆனா அது கட்சிக் கூட்டம்தான். மொத்தம் இருபத்திமூணு பேர். எண்ணிட்டேன்.

மாநிலத்தோட பேர் ஐயோவா. பேர்லயே ‘ஐயோ’ இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டே விமானம் ஏறினேன். இறங்கினதும் வாயில் வந்த முதல் வார்த்தையும் அதுதான். அப்படியொரு குளிர்! பெரியப்பா பொண்ணு, அதாவது எங்க அக்கா, அங்கே ஏம்ஸ்னு ஒரு ஊர்ல குடும்பத்தோட இருக்கா. பெரியம்மா பேத்தியைப் பார்க்கப் போகணும், ஆனா தனியா விமானம் ஏற பயம். நான் அப்போ ஃபர்ஸ்ட் இயர், செமஸ்டர் முடிஞ்சு லீவு. ‘துணைக்கு நீ போ’ன்னு சொன்ன அப்பா, ஏர்போர்ட் வரைக்கும் அரியர் வராம இருக்கணும்கிறதை மட்டும் நாலு தடவை சொன்னார்.

மேலே இருந்து பார்த்தா ஐயோவா ஒரு கிராஃப் ஷீட். ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி சதுரம் சதுரமா வயல். கோடையில் சோளமும் சோயாவும் நிக்குமாம், நான் போனப்போ எல்லாம் ஒரே வெள்ளை. மாநிலத்துல மொத்த ஜனத்தொகை சுமார் 32 லட்சம். பன்னிங்க எண்ணிக்கை ரெண்டு கோடிக்கு மேல. ஆளுக்கு ஏழுன்னு பங்கு வரும்! அக்கா இருக்கிற ஏம்ஸ் ஒரு காலேஜ் டவுன். ஐயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டி அங்கேதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, கொஞ்சம் எழுந்து நில்லுங்க: ‘முதல் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் எனியாக்’னு நாம ஸ்கூல்ல உருப்போட்டோமே, அதுக்கு முன்னாடியே 1930-களின் கடைசியில் அட்டனசாஃப்ங்கிற பேராசிரியரும் பெர்ரிங்கிற அவரோட மாணவரும் ஒண்ணை உருவாக்கினது இந்த ஏம்ஸ்லதான். 1973-ல் கோர்ட் எனியாக் பேட்டன்ட்டையே ரத்து பண்ணிடுச்சு. வைவாவில் யாராவது கேட்டா இதை எடுத்து விடுங்க. மார்க் போனா நான் பொறுப்பில்லை.

நான் போய் இறங்கின அந்த வாரத்திலேயே ரெண்டு பனிப்புயல். ரெண்டாவது, ஜனவரி 12-ம் தேதி அடிச்சது, ரொம்ப மோசம். பொங்கலன்னிக்கு, அதாவது 15-ம் தேதி திங்கட்கிழமை, மைனஸ் இருபது டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். காத்தோட சேர்த்து உடம்புக்கு மைனஸ் முப்பது மாதிரி இருக்கும்னு டி.வி-யில் சொல்லிட்டே இருந்தாங்க. பெரியம்மா விடலையே! ‘சூரியனுக்குக் காட்டாம எப்படிடி?’ன்னு அடுப்புல வெச்ச பொங்கலைத் தட்டில் போட்டுப் பின்வாசலுக்குக் கொண்டு போனாங்க. சூரியன் என்னவோ பளிச்சுனு இருந்துச்சு. கும்பிட்டு முடிச்சு உள்ளே வர்றதுக்குள்ள பொங்கல் செங்கல் ஆயிடுச்சு. மைக்ரோவேவ்ல வெச்சுச் சாப்பிட்டோம்.

அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் ‘காக்கஸ்’. இந்த வார்த்தையை அக்கா ரெண்டு நாளா சொல்லிட்டிருந்தா. எனக்கு ஏதோ நோய் பேர் மாதிரி கேட்டுச்சு. விளக்கம் கேட்டேன். ‘நம்ம தாத்தா நடத்துவாரே கிளைக் கூட்டம், அதேதான்டி’ன்னா.

அதேதான், ஆனா கிடையவே கிடையாது!

எப்படின்னா, அங்கே கட்சியோட வேட்பாளர் யாருன்னு கட்சித் தலைமை முடிவு பண்ணி அறிவிக்கிறதில்லை. முக்கால்வாசி மாநிலத்தில் அதுக்குன்னே ‘பிரைமரி’னு ஒரு தேர்தல் நடக்கும், வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டு போட்டுட்டு வந்துடலாம். ஐயோவாவில் அதுக்குப் பதிலா காக்கஸ். நம்ம ஊர் பூத் அளவுக்குச் சின்னச் சின்ன பகுதியா மாநிலத்தை 1,600 சொச்சமாப் பிரிச்சு, ஒரே ராத்திரி, ஒரே நேரத்துல அத்தனை இடத்திலும் கூட்டம். பள்ளிக்கூடம், சர்ச், தீயணைப்பு நிலையம்னு எங்கே இடம் கிடைக்குதோ அங்கே. அந்தப் பகுதியில் குடியிருக்கிற, கட்சியில் பேர் பதிஞ்ச யாரும் போகலாம். பதியலையா? வாசல்லயே பதிஞ்சுக்கலாம். அங்கே டெலிகேட்னு பிரதிநிதிங்களைத் தேர்ந்தெடுப்பாங்க. அவங்க கவுன்ட்டி மாநாட்டுக்குப் போவாங்க. கவுன்ட்டின்னா நம்ம தாலுகா, மாவட்டம் மாதிரி. மொத்தம் 99. அங்கிருந்து காங்கிரஸ் தொகுதி மாநாடு, அப்புறம் மாநில மாநாடு, கடைசியா தேசிய மாநாடு.

இந்த நாலு படி சமாசாரத்தாலதான் ஐயோவாவுக்கே புகழ் வந்துச்சு. 1968-ல் சிகாகோவில் நடந்த டெமாக்ரடிக் கட்சி மாநாட்டில் பெரிய ரகளை. அதுக்கப்புறம் கட்சி விதியெல்லாம் மாத்தினாங்க. ஒவ்வொரு படிக்கும் நடுவில் நாள் விடணும், உறுப்பினர்களுக்குத் தாள் அச்சடிச்சுக் கொடுக்கணும். ஐயோவா ஆபீஸ்ல இருந்ததோ மெதுவா ஓடுற சைக்ளோஸ்டைல் மெஷின். பின்னாலிருந்து நாளைக் கழிச்சுக்கிட்டே வந்தா, 1972-ல் முதல் கூட்டம் ஜனவரி 24-க்கு வந்து நின்னுடுச்சு. நாட்டுக்கே முதல் போட்டி! 1976-ல் ஜிம்மி கார்ட்டர்னு ஒரு கடலை விவசாயி இங்கே ஊர் ஊரா அலைஞ்சு பேர் வாங்கி, கடைசியில் ஜனாதிபதியே ஆயிட்டார். வேடிக்கை என்னன்னா, அன்னிக்குக் கார்ட்டரைவிட அதிக ஓட்டு வாங்கினது ‘யாருக்கும் இல்லை’ங்கிற கோஷ்டி. அதுக்கப்புறம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை டி.வி கேமரா எல்லாம் இந்தச் சோளக்காட்டுக்குப் படையெடுக்க ஆரம்பிச்சுது. 2008-ல் ஒபாமாவுக்குக் கதவு திறந்ததும் இங்கேதான்.

2020-ல் கவுந்துச்சு. முடிவை அனுப்ப அவசரமா ஒரு மொபைல் ஆப் பண்ணியிருந்தாங்க. பிப்ரவரி 3-ம் தேதி ராத்திரி ஆப் சொதப்பல், போன் லைன் ஜாம், முடிவு வர நாள் கணக்காச்சு. ஒழுங்கா டெஸ்டிங் பண்ணாம ப்ராஜெக்ட் சப்மிட் பண்றது நம்ம டிபார்ட்மென்ட் வியாதி மட்டும் இல்லைன்னு தெரிஞ்சப்போ ஒரு அல்ப சந்தோஷம். அந்தச் சொதப்பல், கூடவே மாநிலத்தில் முக்கால்வாசி வெள்ளைக்காரங்கங்கிற பழைய புகார்... ரெண்டும் சேர்ந்து, 2024-ல் டெமாக்ரடிக் கட்சி ஐயோவாகிட்டேயிருந்து முதல் இடத்தைப் பிடுங்கிடுச்சு. ஜனாதிபதி வேட்பாளருக்கான ஓட்டைத் தபால்ல போடுங்க, மார்ச் 5-ல் முடிவு சொல்றோம்னுட்டாங்க. ஜனவரி கூட்டத்துக்கு மிச்சம் இருந்தது வெறும் கட்சி வேலை: பிரதிநிதி தேர்வு, தீர்மானம். ரிபப்ளிகன் கட்சி மட்டும் பழையபடி.

இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

எங்க ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். தாத்தா ஒரு கட்சியில் (பேர் வேணாமே!) கிளைச் செயலாளர். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, முப்பது வருஷத்துக்கு மேல. பசை காய்ச்சி போஸ்டர் ஒட்டினது, மாநாட்டுக்கு லாரி பிடிச்சது, சொந்தக் காசில் கொடிக்கம்பம் நட்டதுன்னு எல்லாம் பார்த்தாச்சு. ஒரே ஒரு தடவை ஒன்றியக் கவுன்சிலர் சீட் கேட்டார். விருப்ப மனு, பணம் கட்டின ரசீது, நேர்காணல்... வேட்டி தேய்ச்சுக் கட்டிக்கிட்டுப் போனார். சீட், கட்சிக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகாத கல்குவாரிக்காரருக்குப் போச்சு. தாத்தா மறுநாளே அந்த ஆளுக்கு ஓட்டு கேட்டு வீடு வீடாப் போனார். அப்பாவால் அதைத் தாங்க முடியலை. ‘இனிமே இந்த வீட்டில் கட்சி, அரசியல்னு ஒரு பேச்சு வரக் கூடாது. படிக்கணும், வேலைக்குப் போகணும், அவ்ளோதான்’னு சட்டம் போட்டுட்டார். அக்கா அந்தச் சட்டத்தில் வளர்ந்தவ. நானும்தான்.

அக்கா 2006-ல் எம்.எஸ் படிக்க ஏம்ஸுக்கு வந்தா. வேலை, எச்1பி, கிரீன் கார்டுக்கு வரிசை. கிரீன் கார்டு வந்தது 2018-ல். குடியுரிமை 2023-ல். பதினேழு வருஷம்! ‘ஓட்டு வந்துடுச்சு, இனி காக்கஸுக்கெல்லாம் போவியா?’ன்னு மாமா கேட்டப்போ, ‘அந்த வேலையெல்லாம் நமக்கு எதுக்கு’ன்னாளாம். அப்பா குரல் அப்படியே!

அப்புறம் எதுக்குப் போனா? பக்கத்துத் தெருப் பையனுக்காக. கோயம்புத்தூர்க்காரங்க. அஞ்சு வயசில் வந்தவன், அப்போ அவனுக்குப் பதினேழு. என்னை ‘அக்கா’ன்னு கூப்பிடுவான், ஆனா ‘ஆக்கா’ன்னு காதில் விழும். அவங்க அப்பா 2014-ல் இருந்து கிரீன் கார்டு வரிசையில் நிக்கிறார். வருஷா வருஷம் வேலை அடிப்படையில் கொடுக்கிற கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம். இந்தியா மாதிரி பெரிய நாட்டுக்கும் அதே 7, குட்டித் தீவுக்கும் அதே 7. அதனால நம்மாளுங்க வரிசை நகரவே நகராது. பிள்ளைங்களோ அப்பா, அம்மா விசாவில் ஒட்டிக்கிட்டு இருக்கிறவங்க. 21 வயசு முடிஞ்சா அந்த ஒட்டு போயிடும். அப்புறம் ஸ்டூடன்ட் விசா மாதிரி வேற எதையாவது பிடிக்கணும், இல்லைன்னா மூட்டை கட்டணும். அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. கோயம்புத்தூரில் அவனுக்குத் தெரிஞ்ச ஒரே இடம் அவங்க ஆத்தா வீடு. இந்த மாதிரி ரெண்டு லட்சத்துக்கு மேல பசங்க இருக்காங்கன்னு கணக்கு சொல்றாங்க. இதைச் சரிபண்ண 2021-ல் ஒரு மசோதா வந்தது. கொண்டு வந்தவங்களில் ரெண்டு கட்சிக்காரங்களும் உண்டு. ஐயோவாவோட ரிபப்ளிகன் எம்.பி ஒருத்தரும், நம்ம தமிழ்க் குடும்பத்து ராஜா கிருஷ்ணமூர்த்தியும் அதில் அடக்கம். நாங்க கூட்டத்துக்குப் போன நாள் வரைக்கும் அது நிறைவேறலை.

காக்கஸில் யார் வேணா ஒரு தாளில் தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம்னு அவன் ஸ்கூல் டீச்சர் சொல்லியிருக்கார். எழுதிட்டான். ஆனா குடியுரிமை இல்லாதவன் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், கை தூக்க முடியாது. ‘ஆன்ட்டி, நீங்க படிப்பீங்களா?’ன்னு அக்காகிட்ட வந்து நின்னான். அக்காவால் மாட்டேன்னு சொல்ல முடியலை.

பார்க்கிங்கில் இருந்து வாசல் வரைக்கும் நூறு அடிதான் இருக்கும். மூக்குக்குள்ள ஈரம் உறைஞ்சு முள்ளு மாதிரி குத்துது. உள்ளே நுழைஞ்சதும் ரெண்டு அம்புக்குறி. இடது பக்கம் ஜிம் ஹால்: ரிபப்ளிகன். வலது பக்கம் லைப்ரரி: டெமாக்ரட். ஒரே கட்டடம்! ஒரே பாத்ரூம்! நம்ம ஊர்ல ரெண்டு கட்சிக் கூட்டத்தை ஒரே தெருவில் வெச்சாலே நாலு லாரி போலீஸ் வேணும். இங்கே ஒரு போலீஸ்கூட என் கண்ணில் படலை. வரிசையில் நின்ன ரெண்டு கிழவர்கள் ‘நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்’னு தோள் தட்டிப் பிரிஞ்சாங்க.

லைப்ரரியில் டைனோசர் படம், குழந்தைங்க வரைஞ்ச பனிமனிதன், நடுவில் நாங்க. தலைமை ஒரு சயின்ஸ் வாத்தியார். ‘நான் தற்காலிகத் தலைவர், நிரந்தரத் தலைவரா யாராச்சும் வர்றீங்களா?’ன்னு கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். ‘சரி, நானே’ன்னுட்டார். நம்ம கிளாஸ்ல ரெப் தேர்ந்தெடுக்கிற அதே டெக்னிக்! ஒரு கவர் கை மாறி கை மாறி வந்தது. ஆளுக்கு அஞ்சு டாலர், பத்து டாலர் போட்டாங்க. கட்சி நிதியாம். அதுக்குப் பின்னாடியே வேட்பாளர்களுக்கு முன்மொழிவு கையெழுத்துத் தாள்கள். பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பாட்டி பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே கையெழுத்து போட்டார்.

பாட்டி எங்களைப் பார்த்துப் புலம்பினார். ‘2008-ல வந்திருக்கணும் நீங்க. நிக்க இடம் கிடையாது. ஒபாமாவுக்கு அந்த மூலை, எட்வர்ட்ஸுக்கு இந்த மூலை, ஹிலாரிக்கு அங்கே. 15 சதவிகிதம் தேறாத கோஷ்டி கலைஞ்சு வேற மூலைக்குப் போகணும். நாங்க போய்க் கையைப் பிடிச்சு இழுப்போம். எங்க வீட்டுக்காரர் எதிர் மூலையில் நின்னார். வீட்டுக்குப் போற வரைக்கும் நான் அவரோட பேசலை.’

கையெழுத்துத் தாள் சுத்தி வர்ற நேரத்தில் பையனும் நானும் நைஸா எழுந்து ஜிம் பக்கம் எட்டிப் பார்த்தோம். அங்கே திருவிழாக் கூட்டம்! நூற்றைம்பது பேருக்கு மேல. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு உள்ளூர்க்காரர் எழுந்து ரெண்டு நிமிஷம் பேசறார். அப்புறம் துண்டுத் தாளில் பேர் எழுதி மடிச்சு, பாப்கார்ன் டப்பாவில் போடணும். எல்லார் கண்ணு முன்னாடியும் கொட்டி எண்ணுவாங்களாம். ஆப்பாவது, மண்ணாவது! ஆனா எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் செல்போனைத் தூக்கிக் காட்டி, ‘டிரம்ப் ஜெயிச்சாச்சுன்னு நியூஸ் போட்டுட்டான்’னார். மணி ஏழரையைத் தாண்டி ஒண்ணு ரெண்டு நிமிஷம். ஒரே சலசலப்பு. ‘அப்போ நான் எதுக்குடா இந்தக் குளிர்ல வந்தேன்’னு ஒரு தாத்தா கத்தினது இன்னும் காதில் இருக்கு.

(முழுக் கணக்கு அப்புறம் வந்தது. டிரம்ப் 51 சதவிகிதம். 99 கவுன்ட்டியில் 98 அவருக்கு. மிச்சம் இருந்த ஒண்ணை நிக்கி ஹேலி ஜெயிச்சது ஒரே ஒரு ஓட்டில்: 1,271-க்கு 1,270! தமிழ் பேசுற பாலக்காட்டுக் குடும்பத்து விவேக் ராமசாமி 7.7 சதவிகிதத்தோட நாலாவது வந்து, அன்னிக்கு ராத்திரியே விலகிட்டார். மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். ‘கொள்கை பிடிக்கலைடா, ஆனா தமிழ் பேசுறான்ல!’)

நாங்க திரும்பி வந்தப்போ லைப்ரரியில் பிரதிநிதி தேர்வு. எங்க பகுதிக்கு ஏழு இடம். வாத்தியார் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். ‘மார்ச்ல ஒரு சனிக்கிழமை. காலையில இருந்து சாயங்காலம் வரை இருக்கணும். பயணப்படி கிடையாது. சாப்பாடு நீங்களே கொண்டு வரணும். யார் தயார்?’

நாலு கை உயர்ந்துச்சு. அப்புறம் ஒரு காலேஜ் பொண்ணு. அப்புறம் பச்சை ஸ்வெட்டர் பாட்டி, ஊசியோட. அப்புறம் அமைதி. ஹீட்டர் சத்தம் மட்டும்.

அக்கா கையில் தீர்மானத் தாளைச் சுருட்டிச் சுருட்டி நசுக்கிட்டு இருந்தா. பாட்டி மெதுவா குனிஞ்சு கேட்டார்: ‘இங்கே நிறைவேறினா இது கவுன்ட்டிக்குப் போகும். அங்கே அம்பது அறுபது தாள் இருக்கும். இதுக்காக எழுந்து பேச அங்கே யார் இருப்பா?’

அக்கா என்னைப் பார்த்தா. நான் என்ன சொல்றது? எங்க வீட்டுச் சட்டம் எனக்கும் தெரியும். ‘என் அக்சென்ட் இவங்களுக்குப் புரியுமாடி?’ன்னு முணுமுணுத்தா. பதினேழு வருஷமா ஆபீஸ் மீட்டிங்ல பேசுறவ! அது அக்சென்ட் பயமில்லைன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். கை பாதி தூக்கினா, காதோரம் முடி ஒதுக்குற மாதிரி. வாத்தியார் விடலை. ‘அது கைதானே?’ன்னார். சிரிப்பு. அக்கா முழுசாத் தூக்கிட்டா. ஏழு இடம், ஏழு ஆள். ஓட்டெடுப்பே இல்லாம தேர்வு! பேரை ஸ்பெல்லிங் சொல்லச் சொல்ல எழுதறதுக்குத்தான் அஞ்சு நிமிஷம் ஆச்சு.

அடுத்து தீர்மானங்கள். பள்ளிக்கூடத்துக்கு நிதி, குடிதண்ணீரில் கலக்கிற நைட்ரேட்னு மூணு நாலு போச்சு. இந்த நைட்ரேட் அங்கே பெரிய தலைவலி. வயல்ல கொட்டற உரம் ஆத்தில் கலந்து, தலைநகர் டெமாயின்ல அதைப் பிரிச்செடுக்கவே தனியா ஒரு ஆலை ஓடுது. பிறகு அக்கா எழுந்து பையனோட தாளைப் படிச்சா. முதல் ரெண்டு வரி நடுங்கிச்சு. அப்புறம் சரியாயிடுச்சு.

பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கை தூக்கினார். கெட்ட எண்ணம் இல்லாத முகம்தான். ‘எல்லையில அத்தனை பேர் கஷ்டப்படறாங்க. இது நல்ல சம்பளம் வாங்குறவங்க பிள்ளைங்க பிரச்னை இல்லையா? இதை ஏன் நாம முன்னாடி வைக்கணும்?’

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ஏன்னா கேள்வி நியாயம். பையன் என் பக்கத்தில் ஷூ நுனியைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அவனால் பதில் சொல்ல முடியாது. பார்வையாளர் பேசக் கூடாது. தன்னைப் பத்தி இருபத்திமூணு பேர் விவாதிக்கிறதை வாயை மூடிட்டுக் கேட்கணும். அதைவிடக் கொடுமை உண்டா?

அக்கா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்து விடுவான்னு நினைச்சேன். இல்லை. ‘அவங்க கஷ்டம் பெரிசு, ஒத்துக்கறேன். அவங்களுக்கும் தீர்மானம் கொண்டு வாங்க, நான் கை தூக்கறேன். ஆனா நான் பதினேழு வருஷம் வரிசையில் நின்னேன். எனக்குப் பொறுமை இருந்தா போதும்னு இருந்துச்சு. இந்தப் பையனுக்குப் பொறுமை இருந்தும் பிரயோஜனம் இல்லை. அவனுக்குப் பிறந்தநாள் வரும்’னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டா.

‘ஆதரிக்கிறவங்க?’ - ‘ஐ!’ன்னு சத்தம். ‘எதிர்ப்பு?’ - ரெண்டு குரல். அதில் ஒண்ணு அந்தப் பெரியவர். கூட்டம் முடிஞ்சதும் அவரே வந்து பையன்கிட்ட கை கொடுத்தார். ‘நான் எதிரா ஓட்டு போட்டேன், ஆனா நல்லா எழுதியிருக்கே’ன்னார். அவன் ‘தேங்க் யூ, சார்’னான். வேற என்ன சொல்லுவான்?

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதல் வேலையா தாத்தாவுக்கு வீடியோ கால் போட்டா. நமக்கு இங்கே செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுப் பொங்கல். தாத்தா தொழுவத்தில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிச்சுட்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிரஷைக் கீழே வெச்சுட்டார். அப்புறம் ஆரம்பிச்சார் பாருங்க குறுக்கு விசாரணை!

‘எத்தனை பேரு வந்தாக?’

‘இருபத்திமூணு, தாத்தா.’

‘வண்டி யாரு அனுப்பினது?’

‘அவங்கவங்க கார்ல வந்தாங்க.’

‘சாப்பாடு?’

‘கிடையாது. மாநாட்டுக்குக்கூட நாமதான் கட்டிக்கிட்டுப் போகணும். உண்டியல் வேற வந்துச்சு, பத்து டாலர் போட்டேன்.’

தாத்தா யோசிச்சார். ‘லிஸ்ட்டு மேல இருந்து வந்துச்சா?’

‘எந்த லிஸ்ட்?’

‘அதான்... யாரைப் பிரதிநிதியாப் போடணும்னு.’

‘இல்ல தாத்தா. கை தூக்கினேன். போட்டுட்டாங்க.’

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. வீடியோ உறைஞ்சிடுச்சோன்னு நினைச்சேன். பின்னால மாடு தலையாட்டிட்டுதான் இருந்துச்சு. ‘கை தூக்கினா போட்டுருவாகளா’ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். அதுக்குள்ள அப்பா குரல் கேட்டது: ‘யாருப்பா போன்ல?’ தாத்தா சட்டுனு, ‘பேத்திதான், பொங்கல் வாழ்த்து சொல்லுறா’ன்னு சொல்லிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிச்சார்.

மார்ச் மாநாட்டுக்கு நான் இல்லை, திரும்பி வந்துட்டேன். அக்கா எலுமிச்சம்பழ சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கிட்டுப் போயிருக்கா. பாட்டிக்கும் பங்கு. பகல் முழுக்கத் தாள் தாளா விவாதம், பாதிப் பேர் மத்தியானமே நழுவல். பையனோட தீர்மானம் முக்கால் பக்கம் இருந்தது, ஒரே வரியா சுருங்கி, கவுன்ட்டி கொள்கை அறிக்கையில் எங்கேயோ ஒரு மூலையில் இடம் பிடிச்சுது. அந்த ஒரு வரியால் சட்டம் ஒண்ணும் மாறிடலை. அவன் இப்போ காலேஜ்ல மெக்கானிக்கல் படிக்கிறான். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினா, ‘ஆக்கா, வாழ்த்து வேணாம், பிறந்தநாளைத் தள்ளிப் போட ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க’ன்னு பதில் வருது. சிரிக்கிற பொம்மையோடதான் அனுப்பறான்.

அக்கா தன்னோட டெலிகேட் பேட்ஜை யார் மூலமாவோ ஊருக்குக் கொடுத்து அனுப்பினா. கழுத்தில் மாட்டுற சாதா பிளாஸ்டிக் உறை, உள்ளே பேனாவில் எழுதின பேர். தாத்தா கண்ணாடி போட்டு முன்னாடி, பின்னாடி எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘என்ன தாத்தா தேடறீங்க?’

‘எல்லாம் சரி, மாவட்டச் செயலாளர் கையெழுத்தைக் காணோமே!’